குட்டி கேட்ட டிப்

மெசேஜ் வந்தபோது மாஸ்டர் பயிற்சி வண்டியை மரநிழலில் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் என் கூட வேலை செய்றவங்க எல்லாரும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. பார்ட்டிக்கு உங்க டிப் கண்டிப்பா வேணும். ரெடியா இருக்கட்டும். அது இல்லாம பார்ட்டியே இல்ல."

படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அனுப்பியது குட்டிதான். சந்தேகமே இல்லை. அதுவும் தமிழில் அடித்து அனுப்பியிருக்கிறாள். மற்றவர்களுக்கெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிவிடுகிற பெண், இவருக்கு அந்த எழுத்தைப் படித்தால் தலை சுற்றும் என்று தெரிந்து, நிதானமாகத் தமிழில் அடித்திருக்கிறாள்.

டீ ஆறிப்போயிற்று. மாஸ்டருக்கு உள்ளே சூடாகத்தான் இருந்தது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அதை மிதிக்கிற பழக்கம் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் போகாது. சினிமாவில் யாராவது அவசரப்பட்டால் மாஸ்டரின் கால் முன் சீட்டை மிதிக்கும். ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஒரே ஒரு டிப் சொல்லி அனுப்புவார். "மாஸ்டர், இன்னிக்கு டிப்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளாமல் யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அந்த டிப்புக்காகவே அவரிடம் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது மாஸ்டர்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் குட்டியின் அம்மா. பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர். கணவரை இழந்து பல வருடம் தனியாகப் பெண்ணை வளர்த்தவள். கிளட்ச் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. மாஸ்டருக்கும் அவள் கற்று முடிப்பதில் அவசரம் இருக்கவில்லை. பதிவுத் திருமணம் முடிந்த அன்று குட்டியின் பெரியம்மா, "கார் ஓட்டக் கத்துக்கப் போனவ, காரை அங்கயே விட்டுட்டு மாஸ்டரை ஓட்டிட்டு வந்துட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தாள்.

குட்டி என்பது பெயருக்குத்தான். வீட்டிலேயே உயரமானவள் அவள். எலும்பு, மூட்டு பார்க்கிற ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. மாஸ்டரிடம் மரியாதைக்கும் குறைவில்லை. ஒரே ஒரு குறைதான். அவரை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கூப்பிடத்தான் என்ன இருக்கிறது? அப்பா என்ற சொல் ஹாலில் படமாக மாட்டியிருக்கிறது. அதைத் தொட மாஸ்டருக்கே மனம் வராது. சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஐயையோ, அது சுத்தமாகச் சரிப்படாது. மாஸ்டர் என்று அம்மாவே கூப்பிடுகிறாள். 'ஏங்க' என்பதோ மனைவிமார் குத்தகைக்கு எடுத்த சொல். கடைசியில் குட்டி மொட்டையாகவே பேசப் பழகிவிட்டாள். "இந்தாங்க காபி." "கதவு தாழ் போட்டாச்சா?" அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், திரும்பும்வரை காத்திருந்து பேசுவாள்.

அதையும் மாஸ்டர் தாங்கிக்கொண்டார். போன வாரம் அவள் போனில் பேசியது காதில் விழுந்ததுதான் தாங்கவில்லை.

"வீட்லயா? அம்மா இருப்பாங்க. அப்புறம்... அவரு இருப்பாரு."

அவரு! அவரு என்றால் யார்? மீட்டர் பார்க்க வருகிறவரா? தண்ணீர் கேன் போடுகிறவரா?

பாவம், அவளும்தான் என்ன செய்வாள். வேலை நிரந்தரமானதற்கு நண்பர்களை முதன்முறையாக வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். அத்தனை பேர் முன்னால் என்னை யாரென்று சொல்லித் தவிப்பாள்? சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவப் போகிறேன் என்று கிளம்பிவிட வேண்டியதுதான் என்று மாஸ்டர் முடிவு செய்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் இந்த மெசேஜ். உங்க டிப் இல்லாம பார்ட்டியே இல்ல. அப்படியென்றால் எல்லோர் முன்னாலும் அவரை நிறுத்தி, இவர்தான் என்று சொல்லி, பேசச் சொல்லப் போகிறாள். என்ன சொல்லி நிறுத்துவாள்? அந்த ஒரு சொல்லைக் கேட்க மாஸ்டருக்குச் சனிக்கிழமைவரை பொறுமை இல்லை.

*

"மாஸ்டர், என்ன முணுமுணுக்கறீங்க? நான் ஏதாவது தப்பா ஓட்றேனா?" என்றாள் தையல்காரம்மா. அன்றைய கடைசிப் பாடம் அவளுக்கு.

"நீங்க தப்பா ஓட்டினா நான் முணுமுணுக்க மாட்டேன், கத்துவேன். நேரா பாருங்க."

"பின்ன என்னதான் ஜபம்?"

மாஸ்டரால் அடக்க முடியவில்லை. போனை எடுத்துக் காட்டினார். அவள் அதைப் படிக்கத் திரும்ப, வண்டி குப்பைத்தொட்டியை முத்தமிடப் போக, மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

"வயசுப் பொண்ணுங்களுக்கு அறிவுரைன்னா எட்டிக்காய் மாஸ்டர். பாத்து."

"அறிவுரை இல்லம்மா, டிப். கேக்காம குடுத்தா அறிவுரை. கேட்டுக் குடுத்தா டிப்."

"அடேயப்பா! அப்போ கேட்டுத்தான் இருக்கா."

"எழுத்துலயே கேட்டிருக்கா!" என்று மாஸ்டர் போனைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

"அதுக்கு இந்த நீலச் சட்டையிலயா போய் நிப்பீங்க? முதுகுல டிரைவிங் ஸ்கூல் போன் நம்பரோட? கடைல நல்ல மெல்லிசு வெள்ளைப் பருத்தித் துணி வந்திருக்கு. உங்க அளவுதான் என்கிட்ட இருக்கே. வெள்ளிக்கிழமைக்குள்ள தைச்சுத் தர்றேன். ஒரு தடவ துவைச்சு, கஞ்சி போனதும் போடுங்க. சும்மா தென்றல் மாதிரி இருக்கும்."

அதற்குள் வண்டி மேட்டில் ஏறிச் சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தது. தையல்காரம்மா பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் நழுவியது. பின்னாலிருந்தவர் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பதறாதீங்க. ஹேண்ட் பிரேக்கை இழுங்க. கிளட்சை மெல்ல விடுங்க. பாதில நிறுத்துங்க. வண்டி லேசா நடுங்குது பாருங்க? பயந்துக்காதீங்க. நடுங்கினா கிளம்பத் தயாராயிடுச்சுன்னு அர்த்தம். இப்போ ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

வண்டி அழகாக மேடேறியது. மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டார். கிடைத்துவிட்டது டிப்!

*

சனிக்கிழமை சாயங்காலம் வீடே பளபளத்தது. குட்டியின் அம்மாவுக்கு ராத்திரிவரை கிளினிக். குட்டி தனியாகவே எல்லாம் செய்து முடித்திருந்தாள். மேஜையின்மேல் ஒரு பெரிய தட்டு. அதில் விரல் விரலாக நறுக்கிய காரட், வெள்ளரி, மூன்று நிறத்தில் குடைமிளகாய். பக்கத்தில் எண்ணெய் இல்லாமல் சுட்ட உருளைக்கிழங்குச் சீவல். தட்டின் நடுவில் ஒரு காலிக் கிண்ணம்.

மாஸ்டர் முகச்சவரம் முடித்து வந்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கியது. கடைசி நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

"எல்லாம் ஆச்சு. டிப் ரெடியா?" என்றாள் குட்டி.

அவள் வாயில் அந்த 'டி' கொஞ்சம் மெத்தென்று கேட்டது. மாஸ்டர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"ரெடிம்மா. மெசேஜ் பாத்ததுலேர்ந்து அதே வேலைதான்."

"அப்பவே பண்ணிட்டீங்களா! கெட்டுப் போயிடாதா?"

"நல்ல டிப் கெட்டே போகாது. வருஷக்கணக்கா நிக்கும்."

குட்டி புருவத்தைத் தூக்கினாள். "ஃப்ரிட்ஜ்ல பாத்தேனே, காணோம்?"

"ஃப்ரிட்ஜ்லயா? இங்க இருக்கும்மா" என்று மாஸ்டர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"விளையாடாதீங்க. ஏழெட்டுப் பேர் வர்றாங்க. எல்லாருக்கும் போதுமா?"

"ஏழெட்டுப் பேர் என்ன, ஊரே வரட்டும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் குறையவா போகுது?"

"சொல்றதா?"

"பின்ன, பாடணுமா?"

குட்டி போனை எடுத்துத் தன் மெசேஜைத் தானே படித்தாள். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"டிப்! தொட்டுக்கற டிப்! இத்தன காரட்டையும் அவங்க எதுல தொட்டுச் சாப்பிடுவாங்க? உங்க பேச்சுலயா?"

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

"தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'டி'தானேம்மா..." என்றார் பரிதாபமாக. "டிப்னா எனக்கு என் டிப்தானே தெரியும்? நான் என்னிக்கு இந்த டிப் பண்ணேன்?"

"அன்னிக்கு மழைல கரண்ட் போச்சே. அம்மா வரல. எனக்குப் பசி. நீங்க தயிர்ல என்னமோ கலந்து சிப்ஸோட வெச்சீங்களே, அது!"

"அதுவா? அது 'தொட்டுக்க'வாச்சே!"

"அதுக்குப் பேருதான் டிப்!"

அன்றைக்கு அவள் போன் வெளிச்சத்தில் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் இருட்டிலேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குன்னு நீ சொல்லவே இல்லயே."

"கிண்ணத்த வழிச்சு நக்கியிருந்தேனே, பாக்கலயா?"

"நீ கழுவி வெச்சுட்டேன்னு நினைச்சேன்..."

குட்டிக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட வேகமாக அழுகையும் வந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க வீட்டு டிப்ப சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்கன்னு பெருமையடிச்சுட்டேன். இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. கடைல வாங்கலாம்னா அதுல பாதி எண்ணெய். எங்க பெரிய டாக்டரம்மா பாட்டில் பின்னாடி இருக்கற பொடி எழுத்தையெல்லாம் படிச்சுட்டுத்தான் வாயில வெப்பாங்க."

மற்ற எதுவும் மாஸ்டர் காதில் ஏறவில்லை. எங்க வீட்டு டிப். எங்க வீட்டு! அவர் சட்டைக்கையை மடித்துவிட்டார். அப்போது போட்டிருந்தது அந்தப் பழைய நீலச் சட்டை.

"அரை மணி நேரம் தாராளம். தயிர் இருக்கா?"

*

தயிர் இருந்தது. கடைத் தயிர். கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடியது.

"இது காரட்ல ஒட்டாது, சட்டைலதான் ஒட்டும்" என்றார் மாஸ்டர். "அன்னிக்குக் கெட்டித் தயிர். இதுல தண்ணிய எடுக்கணும்."

மேஜை துடைக்கிற துண்டுகளில் புதிதாக ஒன்றை எடுத்தார். தயிரைக் கொட்டி மூட்டை கட்டி, ஈரத்துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு முறுக்கினார். தண்ணீர் போகவில்லை. தயிர் போனது. மூட்டை வாயிலிருந்து பீச்சி, அவர் கன்னத்திலும் குட்டியின் தோளிலும் போய் உட்கார்ந்தது.

"அம்மாவுக்கு போன் போடுங்க!" என்று அலறினாள் குட்டி.

மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பல் கிளினிக் எந்திரம் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"என்ன மாஸ்டர்? சீக்கிரம் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் பெருசா தெறங்க."

"எதைத் தெறக்கணும்?"

"உங்களச் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"தயிர்ல தண்ணி எடுக்கணும். நேரமில்ல. பிழிஞ்சா துணிய விட்டு வெளிய வருது."

"பிழியாதீங்க! இங்க ஈறுல ஈரம் எடுக்கறப்போ நாங்க பிழியவா செய்றோம்? பஞ்ச வெச்சா அதுவே குடிச்சுடும். அடில கனமான துண்ட மடிச்சுப் போட்டு, மேல மெல்லிசுத் துணி விரிச்சு, தயிர இட்லி தட்டு... ச்சே, தோசை மாதிரி பரப்பி விடுங்க. கொஞ்ச நேரத்துல துண்டு எல்லாத்தையும் குடிச்சுடும். துப்புங்க, துப்புங்க."

"தயிரையா?"

"உங்களச் சொல்லல!" போன் அணைந்தது.

கனமான துண்டு கிடைத்தது. மெல்லிய துணிதான் கிடைக்கவில்லை. குட்டி அலமாரியைக் கவிழ்த்தாள். ஒன்று சாயம் போகிற துணி, இன்னொன்று தண்ணீரே இறங்காத பாலியஸ்டர்.

"நீ வெள்ளரிக்காயத் துருவு. நான் பாக்கறேன்" என்று மாஸ்டர் உள்ளே போனார்.

ஹேங்கரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிசு. வெள்ளை. துவைத்துக் கஞ்சி போனது. ஒரு முறைகூட உடம்பில் படாதது. மாஸ்டர் அதன் கையைத் தடவிப் பார்த்தார். தென்றல்தான். அப்புறம் ஹேங்கரிலிருந்து உருவினார்.

வெந்நீரில் போட்டு அலசி, உதறி, மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது குட்டி துருவுவதில் மும்முரமாக இருந்தாள்.

"என்ன துணி அது?"

"சுத்தமான துணி."

துண்டின்மேல் துணி, துணியின்மேல் தயிர். அகலமாகப் பரப்பி மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார். இனி மற்ற வேலை.

"வெள்ளரிக்காய கைல எடுத்து அமுக்கு. இதுல பிழியலாம், தப்பில்ல. தண்ணி இறங்கட்டும். ம்... இன்னும்... அவ்ளோதான். இப்போ பூண்டு. ஒரே ஒரு பல். ரெண்டாவதத் தொடாத."

"அம்மா வேலை செய்ற இடத்துலகூட இவ்ளோ கண்டிப்பா பல்ல எண்ண மாட்டாங்க."

"புதினாவ கிள்ளிப் போடு. மிளகை இடிச்சுப் போடு. எலுமிச்சம்பழத் தோல லேசா சீவு. மஞ்சள் மட்டும் போதும், வெள்ளைக்குப் போனா கசக்கும். மெதுவா, மெதுவா, வளைவு வருது. இப்போ திருப்பு."

"இது எலுமிச்சம்பழம், கார் இல்ல!"

அவள் உப்பு டப்பாவை எடுத்தாள். கை நிறைய அள்ளினாள். மாஸ்டரின் கால் தரையில் டப்பென்று விழுந்தது. குட்டி கீழே பார்த்தாள்.

"என்ன கால அமுக்கறீங்க?"

"பிரேக்" என்றார் மாஸ்டர் வெட்கத்துடன்.

குட்டி சிரித்தாள். ஹாலில் விருந்தாளிக்குச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு இல்லை. உப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். அம்மாவிடம் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. மாஸ்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புதினாவைப் பார்த்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "சரி, என்ன டிப் யோசிச்சு வெச்சிருந்தீங்க?"

"அது எதுக்கும்மா இப்போ."

"சொல்லுங்களேன். மெனக்கெட்டிருக்கீங்க."

"ஒண்ணுமில்ல. மேட்டுல நிக்கற வண்டிய எடுக்கறது பத்தி. கிளட்சைப் பாதி விட்டா வண்டி நடுங்கும். எல்லாரும் அதுக்குப் பயந்து மறுபடி அமுக்கிடுவாங்க, வண்டி பின்னால போயிடும். அந்த நடுக்கம் வந்தா பயப்படக் கூடாது. அது கிளம்பறதுக்கான நடுக்கம்."

குட்டி பூண்டை நசுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தூக்கினாள். துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. மேலே தயிர் வெண்ணெய்போலக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. கரண்டியால் வழிக்கத் தொடங்கியவளின் கை ஓரிடத்தில் இடறி நின்றது.

"இதுல பட்டன் இருக்கு."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"காலரும் இருக்கு!" குட்டி மடிப்பை விரித்தாள். "புதுச் சட்டையா? நீங்க இன்னிக்குப் போட்டுக்கத் தைச்சதா?"

"இன்னும் உடம்புல படல. வெந்நீர்ல அலசினது. சுத்தம்னா சுத்தம்."

"நான் அதையா கேட்டேன்?"

"எனக்கெதுக்கு வெள்ளைச் சட்டை? நான் வண்டி கழுவப் போகணும். நீ கலக்கு, நேரமாச்சு."

தயிரில் எல்லாம் விழுந்தது. பேருக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதற்குமேல் இல்லை. குட்டி ஒரு காரட்டை முக்கிக் கடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொன்றை முக்கி மாஸ்டரின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

வாசல் மணி அடித்தது.

*

கூடத்தில் கலகலவென்று பேச்சு. மாஸ்டர் அடுக்களையிலேயே நின்றுவிட்டார். வண்டிச்சாவி கையில் இருந்தது. ஆனால் வாசலுக்குப் போகக் கூடத்தைத்தான் தாண்ட வேண்டும். முதுகில் போன் நம்பரோடு எப்படித் தாண்டுவது? ஃப்ரிட்ஜின் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டார். மொறுக் மொறுக்கென்று காரட் கடிபடும் சத்தம் கேட்டது.

"இதுல கிரீம் எவ்ளோ போட்டிருக்கே?" அதட்டலான ஒரு பெண்குரல். பெரிய டாக்டரம்மா போலிருக்கிறது.

"கிரீமே இல்ல டாக்டர். வெறும் தயிர்தான்."

"பொய் சொல்லாத. தயிர் இவ்ளோ கெட்டியா இருக்குமா?"

"டாக்டர், நீங்க பேசிட்டே கிண்ணத்த உங்க பக்கம் இழுக்கறீங்க" என்றது ஒரு வாலிபக் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரு பண்ணது இத? உங்கம்மாவா?"

"அம்மா இல்ல டாக்டர்."

"பின்ன?"

இதோ வரப்போகிறது, அவரு.

"இது வந்து... எங்க..." குட்டியின் குரல் பாதியில் நின்றது. லேசாக நடுங்கியது. மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடியது. அவர் அந்தக் காலைக் கஷ்டப்பட்டுத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"டிப்பா!" என்று அவள் குரல் வந்தது. "டிப்பா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

மாஸ்டர் பரபரத்தார். டப்பா கேட்கிறாள்! மிச்சத்தை எடுத்து வைக்க இருக்கும். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவையும், பொருத்தமான மூடியைத் தேட நேரமில்லாமல் கிடைத்த இரண்டு மூடிகளையும் அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

"இந்தாம்மா. மூடி எதுன்னு தெரியல, பாத்துக்கோ."

குட்டி டப்பாவைப் பார்த்தாள். மூடிகளைப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"டப்பா இல்ல. டிப்பா. உங்களத்தான் கூப்பிட்டேன்."

மாஸ்டர் டப்பாவோடு நின்றார்.

"இவங்கதான் பண்ணாங்க" என்று குட்டி எல்லோர் பக்கமும் திரும்பினாள். இப்போது குரலில் நடுக்கம் இல்லை. "டிப்பா. பாதி டிப், பாதி..."

"பாதி?" என்றான் அந்த வாலிபன்.

"நீ காரட்டத் தின்னு."

பெரிய டாக்டரம்மா எழுந்து வந்து மாஸ்டரிடம் கைகூப்பினார். "எங்க ஆஸ்பத்திரி கேன்டீன்காரருக்கு நீங்க ஒரு நாள் வந்து வகுப்பு எடுக்கணும். எப்படி இவ்ளோ சீக்கிரம் தண்ணிய எடுத்தீங்க?"

"துணிதான் டாக்டர் முக்கியம். நல்ல மெல்லிசுத் துணியா இருக்கணும்."

"என்ன துணி?"

"சுத்தமான துணி" என்றார் மாஸ்டர்.

"சுத்தமான துணி" என்றாள் குட்டியும், அதே நேரத்தில்.

*

குட்டியின் அம்மா வந்தபோது விருந்தாளிகள் போய்விட்டார்கள். மேஜையில் ஒரு காரட்கூட மிச்சமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"கொடியில புதுச் சட்டை காயுது. பக்கத்துல போனா தயிர் வாசனை அடிக்குது. என்ன மாஸ்டர், சட்டையத் தயிர்ல ஊற வெச்சீங்களா?"

"அது பெரிய கத. அப்புறம் சொல்றேன்" என்றாள் குட்டி சோபாவில் காலை நீட்டியபடி. "டிப்பா, அம்மாவுக்கு எடுத்து வெச்சோமே, அதக் குடுங்க."

அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அப்படியே நின்றாள்.

"யாருடி அது டிப்பா?"

குட்டி போனை நோண்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஃப்ரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன மாஸ்டர் தேடறீங்க? கரண்ட் வீணாகுது, மூடுங்க."

"இரு, டிப்ப எங்க வெச்சேன்னு பாக்கறேன்" என்றார் மாஸ்டர், தலையை வெளியே எடுக்காமல்.

கிண்ணம் அவர் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது.